மிக உயர்ந்த இடத்தில் நின்று



நம் வாலிபர் ஐக்கியத்தார் இந்தக் கோடை விடுமுறையில் நீலகிரிக்குச் சென்று, தொட்டபெட்டா உச்சியில் ஒரு தியானம் நடத்த விரும்புகிறார்கள். சபை மன்றத்தில் இதைக் குறித்துப் பேச்சு எழுந்தபோது இருவிதக் கருத்துகள் வந்தன. "இது உல்லாசப் பயணம், இதற்குத் தியானம் என்று ஏன் பெயர் சூட்ட வேண்டும்?" என்றார்கள் சிலர். "தமிழ்நாட்டிலேயே மிக உயர்ந்த இடம் அது, அங்கே நின்று ஜெபித்தால் அந்த ஜெபம் மாநிலம் முழுவதையும் மூடிக்கொள்ளும்" என்றார்கள் வேறு சிலர். முதற்கருத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க இயலவில்லை. இரண்டாவது கருத்தோ எனக்குக் கலக்கத்தையே தந்தது. அதைச் சொன்னவர்கள் நம் சபையில் தவறாமல் உபவாசித்து ஜெபிக்கிறவர்கள் என்பதால் கலக்கம் இன்னும் கூடிற்று. மன்றத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மலையைப் பற்றி. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. கன்னடத்திலும் படுகரின் மொழியிலும் அப்பெயருக்குப் பெரிய மலை என்பதே பொருள். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் இல்லாத பெயர். உதகமண்டலத்திலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில் ஒரு சந்திப்பு வரும். அங்கிருந்து கிளைச் சாலை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்து ஏறி, கிட்டத்தட்ட உச்சிவரை போய்விடும். வாகனத்தை விட்டு இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் மாநிலத்தின் தலையில் நிற்கலாம். மேலே தொலைநோக்கி இல்லம் இருக்கிறது. தேநீர் கிடைக்கும், சோளக்கதிர் கிடைக்கும். நாகர்கோவிலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போகிற நாம், உச்சியில் கால் பதிக்கச் செலவிடும் உழைப்பு நம் ஊர் மருந்துவாழ் மலையில் பாதி தூரம் ஏறுவதற்கும் போதாது.

எல்லா மாநிலங்களின் மிக உயர்ந்த சிகரங்களும் இப்படி இணங்கி வருவதில்லை. கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதுவே முதலாவது. அது காட்டு விலங்குகளுக்கென்று காக்கப்பட்ட நிலம், நினைத்தவுடன் ஏற முடியாது. மகாராஷ்டிரத்தின் கல்சுபாய் 1,646 மீட்டரே. ஆனால் செங்குத்தான பாறைகளில் பதித்த இரும்பு ஏணிகளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். சிக்கிமின் கஞ்சன்ஜங்காவோ 8,586 மீட்டர். அதன் கதையை வாலிபர்கள் அறிந்திருப்பது நல்லது. 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன் என்னும் இரு ஆங்கிலேயர் முதன்முதலாக அதன் முடியை எட்டினார்கள். எட்டினார்கள் என்று சொல்வதும் முழுச் சரியல்ல. சிக்கிம் மக்களுக்கு அந்த உச்சி புனிதமானது. அதை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு அந்தக் குழு வாக்குக் கொடுத்திருந்தது. பல வாரப் பாடுகளுக்குப் பின், கடைசிச் சில அடிகளை மிதிக்காமலே விட்டுவிட்டு அவர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின் ஏறியவர்களில் பலரும் அப்படியே செய்திருக்கிறார்கள். அவர்கள் நம் வேதத்தை முன்னிட்டு அப்படிச் செய்யவில்லை. அயலாருக்குக் கொடுத்த ஒரு சொல்லைக் காப்பாற்றினார்கள். உலகத்தின் மூன்றாவது உயரமான இடத்தில், பார்க்க ஒருவரும் இல்லாத வேளையில், காலைப் பின்வாங்கிக்கொள்வது எனக்குச் சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

இப்பொழுது உயரமான இடத்து ஜெபம் என்னும் கருத்துக்கு வருகிறேன். உயரத்தில் செய்யும் ஜெபத்துக்கு அதிக வல்லமை உண்டு என்னும் எண்ணம் புதிதல்ல. 1 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தில் அது அப்படியே இருக்கிறது. ஆனால் யாருடைய வாயில் இருக்கிறது என்று பாருங்கள். மலைநாட்டில் தோற்றுப்போன சீரிய ராஜாவின் ஊழியக்காரர்கள் அவனுக்கு ஆலோசனை சொல்லுகிறார்கள்: இஸ்ரவேலின் தேவன் மலைகளுக்குரிய தேவன், அதனால்தான் தோற்றோம், அடுத்த முறை சமபூமியில் யுத்தம்பண்ணுவோம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்குவதற்காகவே ஆண்டவர் சமபூமியிலும் இஸ்ரவேலுக்கு ஜெயம் கொடுத்தார் என்று அந்த அதிகாரம் சொல்லுகிறது. இத்தனைக்கும் அப்போது இஸ்ரவேலை ஆண்டவன் ஆகாப். அவனுடைய தகுதிக்காக அது நடக்கவில்லை. தேவனை ஓர் உயரத்துக்குள் அடக்கிவிட்ட பிழையைத் திருத்துவதற்காக நடந்தது. சீரியரின் இறையியலை நாம் சபை மன்றத்தில் ஆமென் போட்டு ஏற்கலாமா?

சங்கீதம் 121 நமக்கெல்லாம் மனப்பாடம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதன் முதல் வசனம் ஒத்தாசை பர்வதங்களிலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது. எபிரெய மூலத்தில் அதை ஒரு கேள்வியாகவும் வாசிக்கலாம். பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் அப்படியே வாசிக்கின்றன. எருசலேமுக்குப் பயணம் போகிற ஒருவன் மலைகளை நிமிர்ந்து பார்க்கிறான். அங்கே கள்ளர் பதுங்கியிருக்கலாம். அந்நிய தெய்வங்களின் மேடைகளும் இருக்கலாம். எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். அடுத்த வசனம் மலைகளைத் தாண்டி அவற்றைப் படைத்தவரிடம் போய்விடுகிறது. அந்தச் சங்கீதம் பின்பு மலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கால் தள்ளாடாமை, உறங்காத காவல், வலதுபக்கத்து நிழல், போக்கு வரத்து என்று வழிப்போக்கனுக்கு வேண்டியவற்றையே பேசுகிறது. நம் ஊரில் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் புறப்படும் முன் வீட்டில் இந்தச் சங்கீதத்தை வாசிக்கிறோமே, அந்தப் பழக்கம் சங்கீதக்காரனின் உள்ளத்தை நன்றாகப் புரிந்துகொண்ட பழக்கம் என்று நான் எண்ணுவதுண்டு.

உயரமே அளவுகோலாக இருந்திருந்தால் ஆண்டவர் எர்மோனைத் தெரிந்துகொண்டிருப்பார். அது 2,814 மீட்டர். பனி படியும் மலை. நம் தொட்டபெட்டாவைவிட உயர்ந்தது. அவரோ சீயோனைத் தெரிந்துகொண்டார். எருசலேமுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்: எதிரே இருக்கும் ஒலிவமலை ஆலயம் இருந்த குன்றைவிடச் சற்று உயரமானது. தேவாலயத்தைப் பக்கத்து மலையிலிருந்து குனிந்து பார்க்கலாம். சங்கீதம் 68 இதை ஒரு நகைச்சுவையோடேயே சொல்லுகிறது. பாசானின் பெருமலைகள், தேவன் தமக்கென்று ஒரு சிறு குன்றைத் தேர்ந்தெடுத்ததைக் கண்டு பொறாமையோடு பார்க்கின்றனவாம். இலங்கையிலும் இதற்கு ஒப்பான ஒரு காட்சி உண்டு. அத்தீவின் மிக உயர்ந்த மலை பேதுருதாலகால, 2,524 மீட்டர். ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் இரவெல்லாம் படியேறிப் போவது 2,243 மீட்டரே உள்ள சிவனொளிபாதமலைக்கு. பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் வெவ்வேறு பெயர் சொல்லி அதில் ஏறுகிறார்கள். பக்தி எங்கும் மீட்டர் கணக்குப் பார்த்துப் போவதில்லை.

மறுரூப மலையின் பெயரை எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. தாபோர் என்பது பழைய பாரம்பரியம். அது 600 மீட்டரைக்கூட எட்டாது. எர்மோன் என்பார் சிலர். அந்த மலையில் உடனிருந்த பேதுருவே தம் இரண்டாம் நிருபத்தில் அதைப் பரிசுத்த பருவதம் என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். ஊர், உயரம், திசை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கே இன்றைக்கு எத்தனை கூடாரம் போட்டிருப்போமோ! ஒன்றை மாத்திரம் கவனித்து வையுங்கள். மத்தேயு அந்த மலையை உயர்ந்த மலை என்று மட்டும் சொல்லுகிறார். மிகவும் உயர்ந்த மலை என்று அழுத்திச் சொல்வது 4ஆம் அதிகாரத்தில். அங்கே ஆண்டவரைக் கொண்டுபோனவன் பிசாசு. உலகத்து ராஜ்யங்களையெல்லாம் ஒரே பார்வையில் காட்டி, இவை உனக்கு என்று பேரம் பேசிய இடம் அது. உச்சியில் நின்று மாநிலத்தை முழுவதுமாகக் கண்ணால் அளந்து, இது எங்களுக்கு என்று உரிமை கோரும் ஜெபங்களை நான் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்த அதிகாரமே நினைவுக்கு வரும். படுகரும் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் நமக்கு முன்னே அந்த மலைகளை அறிந்தவர்கள். அவர்கள் முற்றத்தில் போய் நின்றுகொண்டு நாம் எதைக் கைப்பற்றப் போகிறோம்?

அங்கே நற்செய்தி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1846இல் பாசல் மிஷனார் கேத்தியில் பணி தொடங்கினார்கள். அவர்களில் மெட்ஸ் என்னும் போதகர் படுகரின் மொழியைக் கற்று, ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகக் கால்நடையாகவே சுற்றினார். அக்காலத்தில் குளிரிலும் மழையிலும் ஒரு ஊரிலிருந்து மறு ஊருக்கு இறங்கி ஏறுவது எத்தகைய பாடு என்பதை அந்தச் சரிவுகளைப் பார்த்தவர் அறிவர். உச்சியில் ஏறி நின்று அவர் நீலகிரியை ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அந்தத் திருச்சபை உண்டாகியிருக்காது. நம் நாட்டுக்கு ரிங்கல்தௌபே ஐயர் வந்ததும் மகாராசன் வேதமாணிக்கத்தின் வேண்டுகோளைக் கேட்டுத்தான். மயிலாடியில் 1809இல் எழுந்த அந்தச் சிற்றாலயம் சமபூமியில், வயல்களுக்கு நடுவே எழுந்தது.

இவ்வளவு சொன்னதால் பயணம் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. போக வேண்டும் என்றே சொல்லுகிறேன். முதற்கருத்துடையோருக்கு இது. ஓய்வு என்பதைக் குற்றமாகப் பார்க்கிற பக்தி நம் வேதத்தில் இல்லை. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், சாப்பிடவும் நேரமில்லாமல் அலைந்த சீஷர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துப்போய் இளைப்பாறச் சொன்னவர் ஆண்டவரே. நம் பிள்ளைகளின் மே மாதத்தைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் நீட் பயிற்சி. அது முடிந்தால் கலந்தாய்வு. அதுவும் முடிந்தால் விசா. ஒரு நாளாவது சாக்கு எதுவும் சொல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அதற்குத் தியானம் என்று பெயர் சூட்டாவிட்டாலும் பரவாயில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள். சந்திப்பில் இறங்கிவிடுங்கள். வனத்துறை அனுமதிக்கிற நாளானால், முடிந்தவர்கள் அந்த 3 கிலோமீட்டரையும் நடந்து ஏறுங்கள். ஒரு மணி நேர நடை. வாலிபருக்கு அது ஒரு பொருட்டல்ல. வேனில் போகிறவர் உச்சியை மட்டும் பார்க்கிறார். நடப்பவர் மலையைப் பார்க்கிறார். வளைவுகளின் மடியில் சோலைக்காடு மிஞ்சியிருக்கும். பாசி போர்த்த குட்டை மரங்களும், காலம் வாய்த்தால் சிவந்த பூங்கொத்துடன் நிற்கும் ரோடோடென்ட்ரான் மரமும் கண்ணில் படும். பருவமழையில் பெய்த நீரைக் கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறவை சோலைகளும் புல்வெளிகளுமே. உதகை நகரம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு இந்தச் சரிவில்தான் தேக்கப்படுகிறது. வெள்ளையர் காலம் தொட்டு விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகத் தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டு, புல்வெளிகளில் பெரும்பகுதி மறைந்துபோன கதையும் அந்த மலைகளின் கதையே. 1847இல் அவ்வுச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. ஆளரவம் அற்ற அந்தக் குளிரில் தங்கி, வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் நாள்தோறும் குறித்துவைத்தார்கள். இன்று அதே இடத்தில் நாம் சராசரியாக இருபது நிமிடம் நிற்கிறோம். அதில் பதினைந்து கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

போகிற நாளில் மூடுபனி இருக்கக்கூடும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நான் முதன்முறை போனபோது நீட்டிய என் கையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தொலைநோக்கிக்கு முன் வரிசையில் நின்றவர்கள் வெண்மையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கொடுத்த காசு வீண் என்றார்கள். சீனாய் மலையில் மோசே மேகத்துக்குள் பிரவேசித்தான். மறுரூப மலையில் சீஷர்களை மேகம் மூடிற்று. வேதத்தில் மலைமேல் மேகம் இறங்குவது ஒருவருக்கும் நஷ்டமாகச் சொல்லப்படவில்லை. அவர்கள் அங்கே பார்த்ததைவிடக் கேட்டதே முக்கியமாயிற்று. ஆகவே எதுவும் தெரியாத காலையாக அமைந்தால், வாலிபரே, ஒலிபெருக்கியை எடுக்காதீர்கள். அங்கே நம்மைத் தவிர நூறு குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள்; அவர்களுடைய அமைதியும் அவர்கள் காசு கொடுத்து வாங்கியதுதான்.

உதகையில் பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்துக்கும் கூட்டிப்போங்கள். 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட, அந்த மலைகளின் பழமையான ஆலயம் அது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றி மலைமேல் ஏற்றப்பட்டவை. வழிகாட்டிகள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒருபோதும் பெருமையாகப் பட்டதில்லை. அழகான ஆலயம், அதில் ஜெபித்திருக்கிறேன். ஆயினும் நாம் கட்டும் ஒவ்வொன்றும் எங்கோ ஒன்று கழற்றப்பட்டு வருகிறது என்னும் எண்ணம் அந்த உத்திரங்களின் கீழ் உட்காரும்போது விடாமல் வரும்.

அதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 400 கிலோமீட்டர் தாண்டிப் பெரிய மலையைக் காணப் போகிற நாம், நம் சொந்த மலைகளை என்ன செய்துகொண்டிருக்கிறோம்? வேளிமலையையும் மகேந்திரகிரியையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பார்த்த எத்தனை பாறைக் குன்றுகள் இன்று இல்லை என்று உங்களில் ஐம்பது வயது கடந்தவர்கள் எண்ணிச் சொல்லலாம். நம் கண்முன்னே வெடிவைத்து, கிரஷரில் அரைத்து, இரவும் பகலும் கனரக லாரிகளில் ஏற்றி எல்லை கடத்துகிறார்கள். எஞ்சியதை நாமே வீடும் மதிலுமாக்கிக்கொள்கிறோம். மயிலாடியின் சிற்பிகள் தலைமுறைகளாகக் கல்லை எடுத்தவர்கள்தாம். ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, பொறுத்திருந்து எடுத்தார்கள். ஒரு மலையை ஒரு நாளுக்கு இத்தனை லோடு என்று கணக்கிட்டுத் தின்பது வேறு தொழில். அத்தொழிலில் கூலிக்கு நிற்பவர்களும், லாரி ஓட்டுகிறவர்களும், லாரியின் சொந்தக்காரர்களும் நம் சபையில் இருக்கிறார்கள். கூலிக்காரனைக் குறித்து நான் பேசவில்லை. அவன் அடுப்பு எரிய வேண்டும். மற்றவர்கள் இதை எனக்கு எதிராக எடுத்துக்கொண்டாலும் சொல்லாதிருக்க முடியாது. மீகா 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் ஜனத்தோடு வழக்காடும்போது மலைகளையும் பூமியின் அஸ்திபாரங்களையும் சாட்சி கேட்க அழைக்கிறார். தலைமுறைகள் போய்விடும், மலைகள் நிற்கும் என்பதால் அவற்றை அழைத்தார். நம் மாவட்டத்தில் அந்த வழக்கு நடந்தால் சாட்சிக்கூண்டில் ஏற எத்தனை மலைகள் மிஞ்சும்?

நம் ஆலயத்தின் புதிய கோபுரத்தைப் பற்றியும் இங்கேயே பேசிவிடுகிறேன். இரண்டும் ஒரே காரியம். கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்வைக்கப்பட்டிருக்கும் உயரத்துக்கு ஒரேயொரு காரணமே எனக்குச் சொல்லப்பட்டது: அடுத்த சபையின் கோபுரத்தைவிட அது பத்தடி கூடுதல். கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்கு ஒப்ப. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. பொருளுக்கும் இன்பத்துக்குமாக மேலே நிற்கும் சிலை 95 அடி. அறத்தின்மேல் மற்றவை நிற்க வேண்டும் என்று கணபதி ஸ்தபதி கல்லிலே சொல்லிவைத்தார். அங்கே ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொருள் உண்டு. நம் பத்தடிக்கு என்ன பொருள்?

மாற்கு 9ஆம் அதிகாரத்தை முழுவதுமாக ஒரே இருப்பில் வாசிக்கும்படி உங்களைக் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனையில் அதைத் துண்டு துண்டாக வாசிப்பதால் நமக்குத் தொடர்ச்சி தெரியாமல் போகிறது. மலைமேல் மகிமை, பேதுருவின் கூடார யோசனை, மேகம், பிறகு இறக்கம். அடிவாரத்தில் ஒரு தகப்பன் காத்திருக்கிறான். அவனுடைய மகன் நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறவன். மலைக்குப் போகாத ஒன்பது சீஷர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை; வேதபாரகர் சூழ்ந்து நின்று தர்க்கம் பண்ணுகிறார்கள். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் கலந்து வர அந்தத் தகப்பன் கதறுகிறான். பையன் சுகமடைகிறான். அதற்குப் பிறகுதான், அதே அதிகாரத்தில், கப்பர்நகூமுக்குப் போகும் வழியில் தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் பண்ணுகிறார்கள். மலைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் நடுவே அந்தப் பேச்சு முளைத்தது என்று நினைக்க இடமுண்டு. ஆண்டவர் விசாரித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் ஒரு சிறுபிள்ளையை எடுத்து நடுவில் நிறுத்தினார். சிறுபிள்ளையின் உயரம் என்ன? இரண்டரை அடி இருக்குமா?

நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற மகன்களை உடைய தகப்பன்மார் நம் சேகரத்திலும் இருக்கிறார்கள். போதைக்குப் போய்விட்ட பையனை இரவு பதினொரு மணிக்குத் தேடி அலைகிறவர்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். சபையில் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தசமபாகத்தை மட்டும் உறையில் வைத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒரு வாலிபனை மறுவாழ்வு மையத்தில் சில மாதங்கள் வைத்துப் பராமரிக்க ஆகும் செலவையும், கோபுரத்தின் அந்தக் கூடுதல் பத்தடிக்கு ஆகும் செலவையும் பொருளாளர் ஒரே தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆலயத்துக்குக் கொடுப்பதைத் தடுக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வந்த இயேசு முதலாவது யாரிடம் போனார் என்பதை மட்டும் கேட்கிறேன்.

பயணத்தைக் குறித்து இனி நடைமுறைக் காரியங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் அவசியம். ஐக்கியச் செயலர் முன்னதாகவே அதைப் பெற்றுக்கொள்வார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளையும் தட்டுகளையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரும் தண்ணீர்க் கூஜாவும் எடுத்துவர வேண்டும். நடந்து ஏற விரும்புவோரும், முழங்கால் வலியுள்ளவர்களோடு வேனில் வர விரும்புவோரும் தங்கள் பெயரைத் தனித்தனியே கொடுங்கள். இரு கூட்டத்தாரும் மேலே சேர்ந்தபின் மாற்கு 9ஐ வாசிப்போம். 8ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 37ஆம் வசனம்வரை வாசிப்போம். போகிற வழியில், எவர் வீட்டுப் பையனை அழைத்துப்போவது என்று நான் இரண்டு மூன்று வீடுகளை மனதில் வைத்திருக்கிறேன். அவர்களுக்கான பயணச் செலவை ஏற்க முன்வருவோர் என்னிடம் தனியே சொல்லலாம். பெயர் அறிக்கைப் பலகையில் வராது.

கோபுரத்தைப் பற்றிய முடிவு அடுத்த மன்றக் கூட்டத்தில். வரைபடத்தோடுகூட, அதற்கு எத்தனை லோடு கல் பிடிக்கும், அது எந்தக் குன்றிலிருந்து வரும் என்ற கணக்கையும் கட்டடக் குழுவார் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறேன்.